பீரோவில் தூங்கும் ஸ்கேன் டிஸ்க்!

"டாக்டர், இன்னைக்கு முட்டி வலிக்காக வரலை..."

போன கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு சாயங்கால நேரம். பல வருஷமாக என்னிடம் மூட்டுவலிக்கு வந்து போகும் டீச்சரம்மா, பையிலிருந்து ஒரு பெரிய கவரையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்தார். வயது அறுபத்து நாலு. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். எதற்கும் சட்டென்று கலங்காதவர். அன்றைக்கு அவர் கை நடுங்கியது.

விஷயம் இதுதான். பத்து நாளாக விடாத இருமல். மார்புநோய் நிபுணரிடம் போயிருக்கிறார். அவர் ஸி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். இருமலுக்குக் காரணம் சாதாரணச் சளிதான். ஆனால் வலது நுரையீரலின் மேல் பகுதியில் 9 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சின்னக் கணு இருப்பதாக ரிப்போர்ட் வந்துவிட்டது. 'ஊசி விட்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். அதுக்கு முன்னால ஒரு கேள்வி, பழைய நெஞ்சு ஸ்கேன் ஏதாவது வீட்ல இருக்கா?' என்று கேட்டிருக்கிறார் நிபுணர்.

இருந்தது! 2021-ல் கொரோனா வந்தபோது எடுத்த ஸ்கேன். அந்த வருஷம் நம்மில் எத்தனை பேர் நெஞ்சு ஸ்கேனுக்கு வரிசையில் நின்றோம்! ஃபிலிம் எங்கே போனதென்று தெரியவில்லை. பழைய ரிப்போர்ட்டில் கொரோனா பாதிப்பு எவ்வளவு என்ற மதிப்பெண்தான் பெரிதாக எழுதியிருந்தது. கணுவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மிச்சமிருந்தது, சென்டரில் கொடுத்த அந்த டிஸ்க் மட்டும்தான். பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் நான்கு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

(இங்கே ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஸ்கேனும் 'ஸி.டி.', தட்டும் 'ஸி.டி.'! தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கிறது. அதனால் தட்டை இனி 'டிஸ்க்' என்றே சொல்கிறேன்.)

அந்தப் பழைய படம் ஏன் அவ்வளவு முக்கியம்? கெட்டியான ஒரு சின்னக் கணு இரண்டு வருஷத்துக்கு மேல் வளராமல் அப்படியே இருந்தால், பெரும்பாலும் அது பயப்படும்படியானது இல்லை. நுரையீரல் மருத்துவத்தில் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம் இது. (பனிபோல மங்கலாகத் தெரியும் வகைக்கு இந்தக் கணக்கு போதாது. அதை இன்னும் பல வருஷம் கவனிக்க வேண்டும்.) ஆக, 2021-லேயே அந்தக் கணு இருந்ததா, இருந்தால் என்ன அளவு? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் ஊசி வேண்டுமா வேண்டாமா என்பது முடிவாகிவிடும்.

விடை டிஸ்க்குக்குள் இருந்தது. ஆனால் டிஸ்க்கைத் திறந்தால்...?

டீச்சரம்மாவின் மகன் முதலில் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாம் என்று போயிருக்கிறார். அதில் டிஸ்க் போடும் துவாரமே இல்லை. இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரைப் பிடித்துப் போட்டால், ஐ.எம். 1, ஐ.எம். 2 என்று வரிசையாக நூற்றுக்கணக்கில் ஃபைல்கள். எதற்கும் வால் கிடையாது. அதாவது பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து 'ஜே.பி.ஜி.', 'பி.டி.எஃப்.' என்றெல்லாம் இருக்குமே, அது இல்லை. தட்டினால், 'இதை எதில் திறக்க?' என்று கம்ப்யூட்டர் நம்மையே திருப்பிக் கேட்கிறது! பையன் புத்திசாலி. ஒரு ஃபைலின் பெயருக்குப் பின்னால் தானே 'ஜே.பி.ஜி.' என்று சேர்த்துப் பார்த்தார். 'ஃபைல் கெட்டுவிட்டது' என்றது கம்ப்யூட்டர்.

கெட்டெல்லாம் போகவில்லை. பாட்டிலில் ஒட்டிய லேபிளைக் கிழித்துவிட்டு வேறு லேபிள் ஒட்டினால், உள்ளே இருக்கும் கஷாயம் தைலமாகிவிடுமா?

அடுத்து ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து 'கன்வர்ட்' பண்ணி வாங்கி வந்தார்கள். அறுபது படங்கள். அதை நிபுணரிடம் கொண்டுபோய்க் காட்டினால், அவர் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதுல நுரையீரல் முழுக்கக் கறுப்பா இருக்கும்மா. கணுவோட ஓரம் தெரியல, அளக்கவும் முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அதோடுதான் டீச்சரம்மா என்னிடம் வந்திருந்தார்.

நான் சித்த மருத்துவன். நுரையீரல் கணுவுக்கு என்னிடம் சூரணம் கேட்டால், 'முதலில் அது என்னவென்று தெரியட்டும்' என்றுதான் சொல்வேன். சொல்லியும் இருக்கிறேன். ஆனால் டிஸ்க்கைத் திறந்து தர ஒரு ஆள் எனக்குத் தெரியும். என் தங்கை மகன். ஸ்கேன் டெக்னீஷியனாக இருக்கிறான். அன்று ராத்திரியே வரச் சொன்னேன். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைத்தான், பிறகு நானும் கொஞ்சம் படித்துத் தெரிந்துகொண்டு, உங்களுக்குச் சொல்கிறேன். ஏனென்றால் இந்த டிஸ்க் டீச்சரம்மா வீட்டு பீரோவில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டிலும் இருக்கும்!

அந்த ஃபைலின் பெயர் டைகாம்

"மாமா, இதெல்லாம் டைகாம் ஃபைலு. பேரை மாத்தினா ஒண்ணும் ஆகாது. உள்ளாற என்ன எழுதியிருக்குன்னுதான் பாக்கணும்" என்றான் மருமகன்.

கதை இப்படி. ஸி.டி. ஸ்கேனை உருவாக்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹவுன்ஸ்ஃபீல்ட் என்ற இன்ஜினீயர். அவர் வேலை பார்த்த இ.எம்.ஐ. கம்பெனி பாட்டு ரிக்கார்டுகளுக்குப் பெயர் போனது! 1971 அக்டோபர் முதல் தேதி, லண்டனில் விம்பிள்டன் பகுதியிலிருந்த ஒரு ஆஸ்பத்திரியில் முதல் நோயாளிக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள். 1979-ல் அவருக்கும் ஆலன் கார்மாக் என்பவருக்கும் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. அந்த முதல் மெஷினின் படம் குறுக்கே 80 புள்ளி, நெடுக்கே 80 புள்ளி, அவ்வளவுதான். இன்றைக்குச் சாதாரணமாக 512-க்கு 512.

பிறகு பல கம்பெனிகள் மெஷின் செய்ய ஆரம்பித்தன. ஒவ்வொரு கம்பெனியும் படத்தைத் தன் இஷ்டத்துக்கு ஒரு விதமாகப் பதிவு செய்தது. ஒரு ஆஸ்பத்திரியில் எடுத்த படத்தை இன்னொரு இடத்தில் திறக்க முடியாது. இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் அமெரிக்காவில் கதிரியக்க மருத்துவர்கள் சங்கமும் மின்கருவி செய்பவர்கள் சங்கமும் 1983-ல் சேர்ந்து ஒரு கமிட்டி போட்டன. 1985-ல் முதல் விதிமுறை வந்தது, 1988-ல் இரண்டாவது. 1993-ல் வந்த மூன்றாவதுக்குத்தான் 'டைகாம்' என்று பெயர். இன்றுவரை உலகம் முழுக்க, நம்மூர் ஸ்கேன் சென்டர் உட்பட, இதுதான் நடைமுறை.

வால் ஏன் இல்லை? டிஸ்க்கில் எழுதும்போது பெயர் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது, பெரிய எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் வரலாம், வால் கூடாது என்று டைகாம் விதியே சொல்கிறது. அந்தக் காலத்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்காக வைத்த விதி. ஆகவே, வால் இல்லாதது கோளாறு இல்லை. விதிப்படி சரியாகச் செய்ததன் அடையாளம்!

அப்படியானால் இது டைகாம்தான் என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஃபைலின் ஆரம்பத்தில் 128 எழுத்து அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது காலி. அதற்குப் பின்னால் டி, ஐ, ஸி, எம் என்று நாலு எழுத்து. ஏட்டுச் சுவடியில் முதலில் காப்புச் செய்யுள் வரும், அதற்கப்புறம்தானே விஷயம் ஆரம்பிக்கும்? அந்த மாதிரி. டைகாம் படிக்கும் சாஃப்ட்வேர் பெயரைப் பார்ப்பதில்லை, நேராக அந்த இடத்தைப் போய்ப் பார்க்கிறது. மிகப் பழைய சில ஃபைல்களில் இந்தத் தலைப்பே இருக்காது. அப்போது சாஃப்ட்வேர் ஊகித்துத்தான் படிக்க வேண்டும்.

'ஊகித்து' என்று மருமகன் சொன்னதும் எனக்குச் சுவாரஸ்யம் பிடித்துக்கொண்டது. ஏனென்றால் எங்கள் துறையே அதுதான்! பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது பழைய ஏடுகளைப் படிக்கப் பழகியிருக்கிறேன். ஏட்டில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. துணைக்காலும் 'ர'வும் ஒரே மாதிரி. படிக்கிறவர்தான் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். 'நாகம்' என்று வந்தால் பாம்பு என்று நினைத்துவிடக் கூடாது. பற்பம் செய்யும் இடத்தில் அது துத்தநாகம்.

டைகாமிலும் இதே கதை! நோயாளி பெயர், பிறந்த தேதி, எந்த மெஷின், படத்தில் எத்தனை வரிசை என்று ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு ஜோடி எண் உண்டு. நோயாளி பெயருக்கு 0010, 0010. வரிசை எண்ணிக்கைக்கு 0028, 0010. சில ஃபைல்களில், 'இது பெயர், இது தேதி, இது எண்' என்று வகையையும் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். இன்னொரு ரகத்தில் வகையை எழுதாமல் விட்டிருப்பார்கள். படிப்பவரிடம் அகராதி இருந்தாக வேண்டும். சித்தர் பாடலுக்குப் பரிபாஷை அகராதி வேண்டும் என்பது போலத்தான்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு எண்ணைக் கம்ப்யூட்டர் இரண்டு துண்டாகப் பிரித்து எழுதும். சில மெஷின் சின்னத் துண்டை முதலில் எழுதும், சில மெஷின் பெரிய துண்டை முதலில் எழுதும். எது எப்படி என்று தெரியாமல் திருப்பிப் படித்தால் 512 என்பது 2 ஆகிவிடும்! 512 வரிசை உள்ள படம் 2 வரிசையாகிவிட்டால் படம் எங்கே தெரியப்போகிறது? போதாக்குறைக்கு, இடம் மிச்சம் பிடிக்கப் படத்தைச் சுருக்கி வைப்பதிலும் பல முறைகள். எந்த முறையில் எழுதியது என்ற குறிப்பும் ஃபைலின் தலைப்பிலேயே இருக்கும். அந்த முறை தெரியாத சாஃப்ட்வேரில் போட்டால் திரை கறுப்பாகவோ, மணல் கொட்டியது போலவோ வரும். 'டிஸ்க் போச்சு' என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள். வேறொரு சாஃப்ட்வேரில் பாருங்கள்.

நுரையீரல் ஏன் கறுத்தது?

இப்போது டீச்சரம்மாவின் அறுபது கறுப்புப் படத்துக்கு வருவோம். தப்பு எங்கே நடந்தது?

ஸி.டி. ஸ்கேன் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு எண். தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. கொழுப்பு சுமார் மைனஸ் 100. சதை 40, 60 என்ற அளவில். கெட்டியான எலும்பு 1000 வரைக்கும், அதற்கு மேலும் போகும். நுரையீரல் முக்கால்வாசி காற்றுதானே? அதனால் அது மைனஸ் 700, மைனஸ் 800 என்று கீழே கிடக்கும். இந்த அளவுக்கு ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

(ஃபைலில் இந்த எண் நேராக இருக்காது. பல மெஷின்களில் தண்ணீரை 1024 என்று எழுதிவிட்டு, 'எல்லாவற்றிலும் 1024 கழித்துக்கொள்' என்று தனியாக ஒரு குறிப்பு எழுதியிருக்கும். குறிப்பைப் படிக்காதவருக்கு எல்லாக் கணக்கும் தப்பும்.)

மொத்தம் 4096 படிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சாதாரணமாகப் பார்க்கும் ஜே.பி.ஜி. ஃபோட்டோவில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே 256 படிகள்தான் உண்டு. 4096-ஐ 256-க்குள் எப்படி அடக்குவது? அதற்காகத்தான் டாக்டர்கள் 'விண்டோ' என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள். ஜன்னல்தான்! சதையைப் பார்க்க வேண்டுமானால், மைனஸ் 160-லிருந்து 240 வரைக்கும் உள்ளதை மட்டும் காட்டு என்பார்கள். அதற்குக் கீழே எல்லாம் ஒரே கறுப்பு. நுரையீரலைப் பார்க்க வேண்டுமானால் ஜன்னலைக் கீழே இறக்கி, மைனஸ் 1350-லிருந்து 150 வரை அகலமாகத் திறக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் சென்டர்காரர் என்ன செய்தார்? சாஃப்ட்வேர் எந்த ஜன்னலில் திறந்ததோ, அதிலேயே 'சேவ்' கொடுத்துவிட்டார். அது சதை ஜன்னல். நுரையீரல் முழுக்க மைக்கறுப்பு. கணு இருந்தாலும் அதன் மங்கலான ஓரமெல்லாம் கறுப்பில் கரைந்து போய்விடும். ஒருமுறை ஜே.பி.ஜி. ஆக்கியபின் அந்தக் கறுப்பை எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பாலைத் தயிராக்கலாம், தயிரைப் பாலாக்க முடியுமா?

இன்னொரு நஷ்டம், அளவு. ஒரு புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பதும் டைகாமுக்குள் எழுதியிருக்கும். நெஞ்சின் குறுக்கே 350 மில்லிமீட்டர் பரப்பை 512 புள்ளியில் அடைத்திருந்தால், ஒரு புள்ளி ஏறக்குறைய 0.68 மில்லிமீட்டர். 9 மில்லிமீட்டர் கணு என்றால் 13 புள்ளி. இந்தக் கணக்கு ஜே.பி.ஜி.க்குப் போகும்போது விட்டுப்போகும். ஸ்கேல் இல்லாத மேப்பில் திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் தூரம் அளந்த கதைதான்.

மூன்றாவது, இடது வலது. திரையில் நம் இடது பக்கம் தெரிவது நோயாளியின் வலது பக்கம். எந்தப் பக்கம் எது என்ற விவரம் ஃபைலுக்குள் எழுத்தாக இருக்கிறது. அதைப் படித்துத்தான் சாஃப்ட்வேர் திரையில் எழுத்துப் போட்டுக் காட்டுகிறது. சில 'கன்வர்ட்டர்'கள் அந்த எழுத்தைச் சேர்க்காமல் வெறும் படத்தை மட்டும் எடுத்துத் தரும். ஒருமுறை ஒரு பெரியவர், முழங்கால் எம்.ஆர்.ஐ. படம் ஒன்றை செல்ஃபோனில் காட்டினார். "எந்தக் கால் ஐயா?" என்றேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படத்தில் ஒன்றும் இல்லை. அவருக்கு இரண்டு காலுக்கும் ஸ்கேன் எடுத்திருந்தார்கள்!

சரி, மருமகன் என்ன செய்தான்? டிஸ்க்கிலிருந்த எல்லாவற்றையும், ஒரு ஃபைல் விடாமல், அப்படியே கம்ப்யூட்டருக்கு மாற்றினான். அதில் 'டைகாம் டிர்' என்று ஒரு ஃபைல் இருந்தது. அதுதான் பொருளடக்கம். எந்தப் படம் எந்த வரிசையைச் சேர்ந்தது என்று அதில் இருக்கும். ஃபைலின் பெயரில் உள்ள எண்ணை நம்பி அடுக்கக்கூடாதாம். உள்ளே எழுதியிருக்கும் வரிசை எண்ணும், உடம்பில் எந்த உயரத்தில் வெட்டியது என்ற குறிப்பும்தான் சரியான அடுக்கு.

பொருளடக்கத்தைத் திறந்ததும் விஷயம் வெளிச்சமாயிற்று.

"மாமா, இங்க ரெண்டு செட்டு இருக்கு பாருங்க. ஒண்ணு அஞ்சு மில்லிமீட்டர் கனத்துல வெட்டினது, அறுபது படம். இன்னொண்ணு ஒண்ணேகால் மில்லிமீட்டர், இருநூத்தி நாப்பது படம். கன்வர்ட் பண்ணினவரு மொத செட்டை மட்டும்தான் எடுத்திருக்காரு!"

கத்தரிக்காயைத் தடிமனாக வெட்டினால் உள்ளே இருக்கிற சின்னப் புழு ஏதாவது ஒரு துண்டில் அரைகுறையாகத்தான் தெரியும். மெல்லிசாக வெட்டினால் நாலைந்து துண்டில் தெளிவாகத் தெரியும். சின்னக் கணுவை அளக்க மெல்லிய வெட்டுதான் வேண்டும். மருமகன் நுரையீரல் ஜன்னலைத் திறந்து, மேலிருந்து ஒவ்வொரு படமாக நகர்த்தினான். டீச்சரம்மாவும் மகனும் என் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு இடத்தில் நிறுத்தினான். ஒன்றும் சொல்லவில்லை. "நான் டாக்டர் இல்ல மாமா, அவங்களே பாக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். சரியான பேச்சு! எனக்கும் பார்த்துச் சொல்லும் தகுதி கிடையாது.

முழு ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தோம். ஜே.பி.ஜி. எதுவும் இல்லை, டைகாம் அப்படியே. மூன்றாம் நாள் நிபுணரும் கதிரியக்க மருத்துவரும் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். கணு 2021-லும் அதே இடத்தில் இருந்தது. அன்று 8.5, இன்று 9. அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வளர்ச்சியா? இல்லையாம். ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தாலே அந்த அளவுக்கு வித்தியாசம் வரும். 2 மில்லிமீட்டராவது கூடியிருந்தால்தான் வளர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்களாம். கொரோனா நேரத்தில் எல்லோர் கண்ணும் கொரோனா திட்டுகள் மேலேயே இருந்ததால் இது ரிப்போர்ட்டில் ஏறவில்லை போலும். அந்த நாட்களில் அவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன் பார்த்திருப்பார்கள்! நான் குறை சொல்ல மாட்டேன்.

ஊசி வேண்டாம், ஒரு வருஷம் கழித்து மறுபடி ஒரு ஸ்கேன் போதும் என்று முடிவானது.

நீங்கள் என்ன செய்யலாம்?

இன்றைக்கே பீரோவைத் திறந்து பாருங்கள். டிஸ்க் இருந்தால், டிஸ்க் ஓடும் கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடிப்பிடித்து, உள்ளே இருப்பது அத்தனையையும் மொத்தமாகக் காப்பி செய்துகொள்ளுங்கள். சென்டரில் எழுதிக் கொடுக்கும் டிஸ்க்கில் படம் பதிவது ஒரு மெல்லிய சாயப் படலத்தில். வெயில், சூடு, கீறல் எல்லாம் அதற்கு ஆகாது. பென் டிரைவில் ஒன்று, வேறொரு இடத்தில் ஒன்று என்று இரண்டாக வைப்பது நல்லது. ஒரு ஸி.டி. ஸ்கேன் படம் சுமார் அரை எம்.பி., முன்னூறு படம் என்றால் 150 எம்.பி. பெரிய இடம் ஒன்றும் பிடிக்காது. ஃபோல்டருக்குப் பெயர் வைக்கும்போது யாருடையது, எந்த உறுப்பு, எந்தத் தேதி என்று வையுங்கள். உள்ளே இருக்கும் ஃபைல்களின் பெயரை மட்டும் தொடவே தொடாதீர்கள். பொருளடக்கம் அந்தப் பெயரை வைத்துத்தான் தேடும்.

வீட்டில் திறந்து பார்க்க ஆசையா? பெரும்பாலான டிஸ்க்கில் பார்ப்பதற்கான சாஃப்ட்வேரும் கூடவே இருக்கும். அது ஓடவில்லையென்றால் வீசிஸ், மைக்ரோடைகாம், மேக் கம்ப்யூட்டருக்கு ஹோரோஸ் என்று வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் ஒன்று. இது பார்க்கத்தான், முடிவு கட்ட இல்லை! ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தன் ஈரல் படத்தைத் தானே பார்த்துவிட்டு, ரத்தக் குழாயைக் கட்டி என்று நினைத்து, விடியும்வரை தூங்காமல் இருந்து என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஜே.பி.ஜி.யே கூடாதா? அப்படியில்லை. டாக்டர் ஒரு குறிப்பிட்ட படத்தைக் காட்டி 'இதுதான் பிரச்னை' என்று சொன்னால், அதை ஒரு படமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லதுதான். வயிற்று அல்ட்ராசவுண்ட் படம் ஆரம்பத்திலிருந்தே 256 படிகளில்தான் பெரும்பாலும் இருக்கும், மாற்றினால் பெரிய நஷ்டமில்லை. ஸி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும்தான் சிக்கல். இன்னொரு டாக்டரின் யோசனை கேட்கும்போது, ஆபரேஷனுக்கு முன்னால், பழையதோடு புதியதை ஒப்பிடும்போது, அசல் டைகாமைத்தான் கொடுக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்புவதானால் மொத்த ஃபோல்டரையும் 'ஜிப்' செய்து 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். 'ஃபோட்டோ'வாக அனுப்பினால் அது இன்னும் சுருக்கிவிடும்.

ஒரு எச்சரிக்கை. 'இங்கே உங்கள் டைகாமைப் போடுங்கள், நொடியில் ஜே.பி.ஜி. தருகிறோம்' என்று இன்டர்நெட்டில் இலவச இடங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் ஃபைலுக்குள் படம் மட்டுமா இருக்கிறது? பெயர், வயது, பிறந்த தேதி, ஆஸ்பத்திரி நம்பர், எந்த டாக்டர் அனுப்பினார், இதெல்லாம் இருக்கிறது. முன்பின் தெரியாதவர் கையில் ரேஷன் கார்டையும் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி. அப்படிக் கொடுத்தே ஆகவேண்டுமென்றால், பெயரை நீக்கித் தரும் வசதி அந்த இலவச சாஃப்ட்வேர்கள் சிலவற்றில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் போன்ற படங்களில் பெயர் படத்தின் மேலேயே பதிந்திருக்கலாம், அது அதில் போகாது.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. டைகாமில் குடும்பப் பெயர் முதலில், சொந்தப் பெயர் பிறகு என்று தனித்தனி அறை. நமக்கேது குடும்பப் பெயர்? ஒரு சென்டரில் இனிஷியலை முன்னால் போடுவார்கள், இன்னொரு சென்டரில் பின்னால். மூன்றாவது சென்டரில் புருஷன் பெயரையும் சேர்த்துவிடுவார்கள். கம்ப்யூட்டருக்கு அது மூன்று தனித்தனி ஆள்! பழைய படம் இருந்தும் 'இல்லை' என்று காட்டும். எங்கே ஸ்கேனுக்குப் போனாலும் ஒரே மாதிரிப் பெயர், ஒரே பிறந்த தேதி கொடுங்கள். வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் இருந்தால் அதை ஸ்கேன் சென்டரில் மட்டும் வேண்டாம். கிளம்புமுன், "டைகாம் ஃபைல் முழுசா, மெல்லிசா வெட்டின செட்டும் சேர்த்துப் போட்டுக் கொடுங்க" என்று கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் இப்போது டிஸ்க்குக்குப் பதில் லிங்க் அனுப்புகிறார்கள். அது எத்தனை நாள் வேலை செய்யும் என்று கேட்டு, அதற்குள் இறக்கி வைத்துவிடுங்கள்.

டீச்சரம்மா போன வாரம் வந்திருந்தார். இருமல் போய்விட்டது, முட்டிவலி போகவில்லை! தைலம் வாங்கிக்கொண்டு கிளம்பும்போது பர்ஸிலிருந்து பென் டிரைவை எடுத்துக் காட்டினார். அதன் மேல் பிளாஸ்திரி ஒட்டி, பள்ளிக்கூட போர்டில் எழுதுகிற கையெழுத்தில், தன் பெயரையும் இரண்டு தேதிகளையும் எழுதியிருந்தார். மூன்றாவது தேதிக்கு இடம் விட்டிருந்தார்.